கேஸ் போடுற இடம்

எங்கள் தோட்டத்தில் கேஸ் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, அடுப்புக்கு வைக்கிற சிலிண்டர். இன்னொன்று, கோர்ட்டில் போடுகிற வழக்கு. எழுதினாலும் ஒரே எழுத்து, சொன்னாலும் ஒரே சத்தம். மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு இரும்புப் பின் வெடித்தது, தோட்டத் தலைவர் வீடு தேடி வந்தார், தோட்டத்தை நடத்துகிற தொரை வரைக்கும் பேச்சுப் போய்விட்டது.

காதைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்களுக்கு எல்லாச் சொல்லும் காது வழியாக வந்ததுதான். காலையில் ஆள் பிரிக்கிற இடத்தைப் பெரட்டு என்கிறோம். மேலே நின்று வேலை வாங்குகிறவரைக் கண்டாக்கு என்கிறோம். வெள்ளைக்காரர் வாயில் அந்தச் சொல்லெல்லாம் எப்படி இருந்ததோ, யார் கண்டது. எங்கள் வாய்க்கு வந்தபடி ஆகிவிட்டது, வேலையும் நடந்தது. தேயிலை ஃபெக்டரியைக்கூட நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் அந்த ஸ்டோரில் எஞ்சின் ரூம் எடுபிடியாகச் சேர்ந்து, பிட்டராக வெளியே வந்தவன். படிப்பு என்று பெரிதாக இல்லை. ஸ்பானரைப் பிடித்த பிறகுதான் அதன்மேல் போட்டிருக்கிற நம்பரை வாசிக்கக் கற்றேன்.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் ஸ்டோருக்கு மேலே இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் ரோலர் சத்தம் என்னை விடவில்லை. ரோலர் என்பது வாடின கொழுந்தை உருட்டுகிற மெஷின். நாம் உள்ளங்கையில் ஒரு இலையை வைத்து மற்றக் கையால் வட்டமாகத் தேய்த்தால் எப்படிச் சுருளும், அந்த வேலையைத்தான் அது செய்கிறது. கீழே பித்தளை மேசை. மேலே கொழுந்து நிரப்பின பெரிய பீப்பாய் மாதிரி ஒன்று சுற்றிச் சுற்றி வரும். அதைச் சுற்ற வைக்கிறது மூன்று கிராங்குக் கால்கள். ஒவ்வொரு காலிலும் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பின். பின் நன்றாக இருந்தால் ரோலர் பசுமாடு அசைபோடுகிற மாதிரி நிதானமாகப் போகும். பின் தேய்ந்தால் சுற்றுக்குச் சுற்று ஒரு "டொக்கு" விழும்.

அந்த டொக்கு ஒரு காலையில் பிளேன்டீ குடிக்கும்போது என் காதில் விழுந்தது. நான் டம்ளரை வைத்துவிட்டேன். மகள் பார்த்தாள்.

"என்னப்பா, சீனி பத்தலையா?"

சீனி இல்லை, ரோலர் என்றேன். அவள் சீனி டப்பாவை மூடி வைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனாள்.

அவள் அவ்வளவோடு விட்டுப் போனதற்குக் காரணம் உண்டு. முன்பு அவளும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவள்தான். ஒரு மழை நாளில், நிறைந்த கொழுந்துச் சாக்கோடு வழுக்கித் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து முழங்கால் சிப்பி உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். சமதரையில் நடப்பாள், இறக்கத்தில் மெதுவாக இறங்குவாள். ஏற்றம்தான் ஆகாது, சாயங்காலம் லயத்துப் படியையே நின்று நின்றுதான் ஏறுவாள். அப்போது ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த டீமேக்கர் ஐயா இரக்கப்பட்டு, ஸ்டோரில் சல்லடை மெஷின் பக்கம் அவளுக்கு இடம் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து நின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. அது வேறு கதை, அதை எடுத்தால் இது முடியாது.

எங்கள் ஸ்டோரில் மற்ற ரோலர்கள் எல்லாம் முன்பே நின்றுவிட்டன. இதற்குச் சாமான் வேண்டும் என்று அதைப் பிரித்து, அதற்கு வேண்டும் என்று இன்னொன்றைப் பிரித்து, கடைசியில் ஒன்றுதான் மிச்சம். பழைய கம்பெனி அந்த மாடலுக்குச் சாமான் இறக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டது. இந்த ஒன்றும் நின்றால் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, எங்கள் ஸ்டோரைப் பூட்டச் சொல்லிக் கொழும்பிலிருந்து தொரைக்குச் சொல்லியிருந்தார்கள். பூட்டினால் ஸ்டோர் ஆட்களுக்கு மலையில் வேலை. மலை என்றால் ஏற்றம்.

டீமேக்கர் ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். இப்போது இருப்பவர் புதியவர், மரியாதையான மனிதர். தேய்ந்த பின்னைக் கழற்றி வைத்திருந்தார். ஹட்டனுக்குக் கொண்டுபோய் இதே மாதிரி கடைந்து வாங்கி வர முடியுமா என்று கேட்டார். நான் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹட்டனில் லேத் வைத்திருக்கிற முஸ்லிம்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரை, எனக்கு அவருடைய வாப்பா காலத்திலிருந்தே தெரியும். பின்னைக் கையில் வாங்கி, நகத்தால் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பழைய லொறி ஆக்ஸில் துண்டை மாட்டி, நான் ஒரு டீ குடித்து வருவதற்குள் கடைந்துவிட்டார். புதுப் பின் வெள்ளி மாதிரி மின்னியது.

"கடஞ்சி தாறது பெரிய வேல இல்ல மாமா. கடஞ்சதோட முடியாது. இதுக்குக் கேஸ் போடணும். போடாட்டி கொஞ்ச நாள்ல திரும்பத் தேஞ்சிடும்."

எங்கே போடுவது என்று கேட்டேன். முன்பு தான் அனுப்புகிற ஆள் கஷ்டகாலத்தில் கடையை மூடிவிட்டதாகவும், இடம் நான்தான் தேட வேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் அடுத்த வேலைக்கு லேத்தைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் மேலே எதுவும் கேட்க முடியவில்லை.

நான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கஷ்டகாலம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது சிலிண்டர் வரிசைதான். நாட்டில் ஒன்றுமே இல்லாமல் போன அந்த வருஷம், டவுனில் ஆட்கள் வெறும் சிலிண்டரைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி ரோட்டோரம் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எங்கள் லயத்தில் எப்போதும் விறகுதான். அதனால் அந்த ஒரு கஷ்டம் மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. வெட்டிப் போட்ட தேயிலை மாறை, அந்தக் காய்ந்த குச்சியை, டவுன்காரர்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். ஆக, கேஸ் கிடைக்காமல் அந்த ஆள் கடையை மூடியிருக்கிறார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. கேஸ் என்றால் கேஸ் வெல்டிங். அந்தத் தீயில் இரும்பைக் காய்ச்சி இறுக்குவது. எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது.

மறுநாள் காலையில் புறப்படும்போது எங்கே என்று மகள் கேட்டாள். "கேஸ் போட எடம் தேடிப் போறேன் புள்ள" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவள் கையிலிருந்த வாளியோடு அப்படியே நின்றதை நான் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

தலவாக்கலையில் ஒரு வெல்டிங் பாஸ் இருக்கிறார். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம். சிங்களவர், நல்ல கைகாரர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான் கேட்டதை அவர் செய்தார். நன்றாகக் கேஸ் போட்டு இறுக்கித் தரச் சொன்னேன். தீயை ஊதிப் பின்னைச் செம்பருத்திப் பூ நிறத்துக்குக் கொண்டுவந்து, கொறட்டால் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டார். ஆவி வந்தது. ஆவியோடு, விரலில் நெட்டி முறித்த மாதிரி ஒரு "டிக்" சத்தமும் வந்தது. எடுத்துப் பார்த்தால் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. பாஸ் என்னைப் பார்த்தார், நான் பாஸைப் பார்த்தேன். கூலி வேண்டாம் என்று சொல்லி ஒரு பீடியை நீட்டினார்.

அந்தப் பின்னோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் தோட்டத் தலைவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் தலைவர். என்னைவிடச் சின்னவர், ஆனால் நாலு பேர் கூடினால் குரல் தானாக உயர்ந்துவிடும். அன்றைக்கு முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது.

"என்னண்ணே, தனியா கேஸ் போடுறீங்களாம். ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? அப்பறம் நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

இதற்கெல்லாம் தலைவரைத் தொந்தரவு பண்ணுவானேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. "தலவாக்கலயிலயே போட்டுப் பாத்துட்டேன் தலைவரே. சரிவரல. ஒடஞ்சு போச்சு."

"ஒடஞ்சு போச்சா? அதுக்குள்ளயா? எந்த ஐயாகிட்டப் போனீங்க?"

"ஐயாவெல்லாம் இல்ல. பாஸ்கிட்டத்தான்."

"பாஸா? பாஸ் எப்படிண்ணே கேஸ் போடுவாரு?"

"காய்ச்சித் தண்ணியில போட்டாரு. டிக்குன்னுச்சு."

தலைவர் தன் காதைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்பக் காலம். நடந்தது இதுதான். ஸ்டோரைப் பூட்டுவதை எதிர்த்து நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதைப் பயத்தோடு பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு பொம்பளையிடம் சொல்லியிருக்கிறாள். பீலியில் விழுந்த பேச்சு தண்ணீரைவிட வேகமாக இறங்கும். மத்தியானத்துக்குள் தலைவர் காதுக்குப் போய்விட்டது.

நான் உடைந்த பின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, நான் நாலு தோட்டத்துத் தலைவருமாருக்குப் போன் போட்டுட்டேன். எல்லாரும் சேந்து நிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. இப்ப நான் என்ன சொல்லுவேன், பின்னு ஒடஞ்சிருச்சுன்னா?"

கேஸ் வெல்டிங்கில் வெடிக்கிறதை நானா ஏன் போடச் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தலைவரின் போனிலேயே ஹட்டனுக்கு எடுத்தோம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார். நடந்ததைச் சொன்னதும் நானா லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ஐயோ மாமா, நான் சொன்னது அந்தக் கேஸ் இல்ல. இது வேற கேஸ்."

"வேற கேஸ் இருக்கா?" என்று தலைவர் ஆசையோடு குனிந்தார்.

"பேக்கரியில சுடுற ரோஸ் பாண் தின்னிருக்கீங்கதானே? மேல தோல் மொறுமொறுன்னு இருக்கும், உள்ள மெதுவா இருக்கும். அந்த மாதிரித் தோலுக்குத்தான் இங்கிலீசுல கேஸ்னு பேரு. இரும்புக்கும் அப்படித் தோல் கட்டணும். தோல் கெட்டியா இருந்தாத் தேயாது, உள்ள மெதுவா இருந்தா முறியாது. நீங்க முழுப் பாணையும் கருக்கிட்டீங்க."

இதைப் போனிலேயே நிதானமாக விளக்கினார். பின்னை ஒரு இரும்புப் பெட்டியில் கரித்தூளுக்குள் புதைத்து, மண் பூசி மூடி, பெரிய அடுப்பில் பல மணி நேரம் விட வேண்டுமாம். கரி மெதுமெதுவாக மேல் தோலில் ஊறுமாம். அப்புறம் எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டுமாம். அதற்கு மெது இரும்புதான் நல்லது. இடம் கிடைத்தால் சொல்லுங்கள், கண்டியிலிருந்து இரும்பு எடுத்துப் புதிதாகவே கடைந்து தருகிறேன் என்றார். இடம் மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

தலைவர் வெட்கத்தோடு ஒவ்வொருவருக்காகத் திரும்பப் போன் எடுத்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒருவர் திட்டினார். ஒருவர், எந்தக் கேஸாக இருந்தாலும் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவதாக எடுத்தது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தலைவருக்கு. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, தங்கள் ரோலரும் அதே டொக்குதான் போடுகிறது என்றார். அவர்கள் தோட்டத்துத் தேயிலை லொறி டிரைவர் ஒருமுறை கியர் சாமான் ஒன்றை இந்த மாதிரி தோல் கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய் வந்திருக்கிறாராம். கொழும்புக்கு இந்தப் பக்கம், ஆற்றோரமாக ஒரு சிங்கள மாத்தயாவின் பட்டறை.

தலைவர் போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா? கேஸ் போடப்போயித்தானே எடம் கெடச்சுச்சு." தொங்கியிருந்த முகம் நிமிர்ந்துவிட்டது.

அந்த மாத்தயாவோடு போனில் நானே சிங்களத்தில் பேசினேன். ஒன்று தேய்ந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. எங்கள் ஒரு ரோலருக்கு மூன்று பின் என்றதும் "பே" என்றார். முடியாது என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அடுப்பை மூட்டினால் பெட்டி நிறைய சாமான் இருக்க வேண்டும், மூன்று பின்னுக்கு மூட்டினால் விறகுக்கும் கட்டாது ஆளுக்கும் கட்டாது என்று விளக்கினார். பெட்டி நிறைகிற அளவுக்குச் சேர்த்துக்கொண்டு வந்தால் போட்டுத் தருகிறேன் என்றார். அதுவும் நியாயம்தான். ஒரு ஆளுக்குச் சோறாக்க யாரும் கல்யாண அண்டாவை ஏற்ற மாட்டார்கள்.

இதற்கிடையில் தொரை கூப்பிட்டார். அவரும் சின்ன வயது, சிங்களவர், எங்கள் தமிழை ஓரளவு பேசுவார். அவர் காதுக்கும் பீலிப் பேச்சு போயிருந்தது.

"பெரியவர், என் மேல கேஸ் போடுறதாம்?"

சிரிக்கிறாரா இல்லையா என்று பிடிபடவில்லை. மகளின் வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிற மாதிரி எனக்குத் தோன்றியது. வெடித்த பின்னை மேசைமேல் வைத்து, ரோஸ் பாண் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னார். பின் வரும்வரை ஸ்டோரைப் பூட்டலாம் என்று கொழும்புக்கு எழுத மாட்டார். ஆனால் ரோலர் ஓடாமல் ஸ்டோரில் ஆட்களை வைத்திருக்க அவராலும் முடியாது. அதுவரை கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும், ஸ்டோர் ஆட்கள் மலைக்குப் போக வேண்டும். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். தொரையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு மகளை மலைக்குப் பிரித்தார். அவளுக்காகக் கொஞ்சம் தாழ்ந்த மலையாகப் பார்த்துத்தான் போட்டார். இருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். சாயங்காலம் வந்து, கதவோரமாகக் காலை நீட்டி உட்காருவாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். கேட்காவிட்டால், வெந்நீர்த் துணியை முழங்காலில் வைத்து வாயை இறுக்கிக்கொள்வாள். அதனால் நான் கேட்பதில்லை, அந்தப் பக்கம் பார்ப்பதும் இல்லை.

பகலில் நான் ஒரு மாவுச் சாக்கை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தேன். திம்புள்ளப் பக்கம், அக்கரப்பத்தனைப் பக்கம், பஸ் போகிற இடத்துக்குப் பஸ்ஸில், போகாத இடத்துக்கு நடந்து. தேய்ந்த பின் இருந்தால் மாதிரிக்குக் கொடுங்கள், நானா கடைவார், எல்லோருடையதும் ஒரே பெட்டியில் போகும் என்று ஒவ்வொரு டீமேக்கரிடமும் சொன்னேன். எனக்கு முன்னால் வதந்தி போயிருந்தது. ஒரு ஸ்டோரில் வாச்சர் என்னைப் பார்த்ததும் கேட்டைச் சாத்தி, "கேஸ்காரப் பெரியவர் வந்திருக்காரு" என்று உள்ளே சத்தம் போட்டார். இன்னொரு இடத்தில் கொழுந்து நிறுக்கிற பொம்பளைகள் எனக்குப் பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்து, கோர்ட்டில் விளக்கம் எந்தத் தேதியில் என்று கேட்டார்கள். நான் சாக்கைத் திறந்து இரும்பைக் காட்டினேன். ஒருத்தி எட்டிப் பார்த்து, "இவ்வளவு சாட்சியா?" என்றாள்.

நானா கண்டியிலிருந்து மெது இரும்பு எடுப்பித்துக் கடையத் தொடங்கினார். எங்களுடைய மூன்றை முதலில் கடைந்தார். மற்றவர்களுடையது முடிய முடிய அவர் பட்டறை மூலையில் அடுக்கு உயர்ந்தது. எங்களுடையதை மட்டும் முன்னால் அனுப்ப வழியில்லை. பெட்டி நிறைய வேண்டும். சாயங்காலம் மகள் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்தப் பெட்டியில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கும் என்றுதான் என் மனசு அளக்கும். ஏறி வருகிற காலடியில் ஒன்று அழுத்தமாகவும் ஒன்று இழுத்தும் விழும். அதுவும் ஒரு மாதிரி டொக்குதான்.

ஒருவழியாக அக்கரப்பத்தனை லொறி, தேயிலைப் பைகளுக்கு நடுவில் எங்கள் சாக்குகளையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கியது. போகும்போது டிரைவர், தேயிலை என்று நினைத்து இதையும் ஏலத்தில் போட்டுவிடப் போகிறார்கள் என்று சிரித்தார். அடுத்த நடையில் கொண்டுவந்து இறக்கினார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் வெள்ளி மினுக்கம் இல்லை. அடுப்புச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கறுப்பு. டீமேக்கர் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஒரு அரத்தை எடுத்து மேலே இழுத்தேன். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, கோடுகூட விழவில்லை. அரத்தை ஐயாவிடம் கொடுத்தேன். அவரும் இழுத்தார். திரும்பவும் இழுத்தார். அப்புறம் ஸ்டோர் பிட்டரைக் கூப்பிட்டார்.

மாட்டுவதற்கு என்னை விடவில்லை. நீங்கள் உட்காருங்கள் என்று ஒரு ஸ்டூல் போட்டார்கள். அதுவும் நல்லதுதான், என் கைக்கு இப்போது நடுக்கம் உண்டு. புஸ் என்கிற வளையத்துக்குள் பின் இறங்கியதும் கிரீஸ் வைத்தார்கள். முதலில் வெறுமனே ஓட்டினார்கள், அப்புறம் கொஞ்சம் கொழுந்து போட்டார்கள். நான் கண்ணை மூடிக் காதை மட்டும் வைத்திருந்தேன். சுற்றுக்குச் சுற்று கேட்டேன். டொக்கு வரவில்லை.

மகள் அன்றைக்கு ஸ்டோருக்கு மேலே உள்ள மலையில் இருந்தாள். அங்கே நின்றால் ரோலர் சத்தம் கேட்கும். கூட எடுத்த பொம்பளைகள்தான் எனக்குப் பிறகு சொன்னார்கள். சத்தம் கேட்டதும் கொழுந்து எடுக்கிற கையை நிறுத்திவிட்டு, செடிக்கு நடுவில் அப்படியே நின்றாளாம். என்னடி என்று கேட்டதற்கு, கால் மரத்துவிட்டது என்றாளாம்.

மறுநாள் பெரட்டில் அவள் பெயரை ஸ்டோருக்குப் படித்தார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அப்ப கேஸ் ஜெயிச்சிருச்சாப்பா?"

"வாய்தா வாங்கியிருக்கு புள்ள. தோல் தேயிற வரைக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள். நல்ல காலை முதலில், கம்பி வைத்த காலைப் பிறகு, ஒவ்வொரு படியாக ஸ்டோருக்கு இறங்கிப் போனாள். அவள் தேயிலை ஓரத்து வளைவில் மறைந்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. பிளேன்டீயை வைத்துக்கொண்டு, கீழே ரோலர் போடுகிற நேரத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.